கேளுங்க, மறுகா சொல்றன்: அயர்லாந்துப் போடியாரும் ஆறடிக் கண்ணாடியும்

போன இதழ்ல வானத்தப் பத்தின ஒரு கேள்விக்குப் பதில் எழுதக்குள்ள, "ரோஸ் பிரபு எண்டு ஒரு அயர்லாந்துப் பணக்காரர் தன்ட வீட்டு வளவுக்குள்ளேயே உலகத்திலயே பெரிய தொலைநோக்கியக் கட்டினவர்" எண்டு ஒத்த வரியப் போட்டுட்டு நான் பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போயிட்டன். அதுக்குப் பிறகு வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாம் அந்த வரியத்தான் பிடிச்சித் தொங்குது. சரி, இந்த முறை முழுக்க அவருக்குத்தான். சுகர், பிரஷர் கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கல்லடியில இருந்து ஒரு டீச்சர்: அவர் விஞ்ஞானியா, இல்லாட்டி விஞ்ஞானிகளுக்குக் காசு குடுத்த பிரபுவா? வகுப்புல புள்ளைகள் கேட்டு எனக்குப் பதில் சொல்லத் தெரியல்ல.

ரெண்டும்தான் டீச்சர். பேர் வில்லியம் பார்சன்ஸ், ரோஸ் வம்சத்தில மூணாவது பிரபு. 1800ம் ஆண்டு ஜூன் 17ம் திகதி இங்கிலாந்தில யோர்க்ல பிறந்தவர். குடும்பச் சொத்து இரிந்தது அயர்லாந்துக்கு நடுவுல பிர் எண்ட ஊர்ல. அந்தக் காலத்தில அந்த ஊருக்குப் பேரே பார்சன்ஸ்டவுன், தங்கட குடும்பப் பேரையே ஊருக்கு வச்சிரிக்காங்க பாருங்க, எங்கட பக்கத்துப் பெரிய காணிக்காரப் போடியார்மாருக்குக்கூட அந்தளவு துணிச்சல் வரல்ல. சின்ன வயசில ஸ்கூல் பக்கமே போகல்ல, வாத்திமார் வீட்டுக்கு வந்து படிப்பிச்சாங்க. மறுகா டப்ளின் ட்ரினிட்டி கொலேஜ், அங்கால ஒக்ஸ்போர்ட், 1822ல கணிதத்தில முதல் வகுப்பு. பாராளுமன்றத்திலயும் இரிந்தவர், 1834ல அத விட்டுப்போட்டு வீட்டு வளவுக்குள்ள உலை மூட்டப் போயிட்டார். அரசியல விட்டுட்டுக் கொல்லன் வேலைக்குப் போன ஆக்கள் இந்த உலகத்தில கனபேர் இரிக்க மாட்டாங்க.

நம்மட பாஷையில சொன்னா அவர் ஒரு போடியார். காணி அவர்ட, வேலை செய்யிறது முல்லைக்காரன், விளைச்சல்ல பங்கு வீட்டுக்கு வரும். ஆனா வரம்பில குடையப் பிடிச்சிட்டு நிண்டு "அங்கால வெட்டு, இங்கால கட்டு" எண்டு சொல்ற போடியாரும் இரிக்கார், சாரத்த மடிச்சிக் கட்டிட்டு சேத்துக்குள்ள இறங்கிற போடியாரும் இரிக்கார், இவர் ரெண்டாவது சாதி. அந்தக் காலத்து மத்தப் பிரபுமார் ஒரு வானியலாளரச் சம்பளத்துக்கு வச்சி, லண்டன்ல ஒரு கடையில சாமான வாங்கிக் குடுத்து, பேர மட்டும் தாங்க எடுத்துக்குவாங்க. இவர் தன்ட காணியில இரிந்த ஊர் ஆக்களையே பழக்கி எடுத்து, அவங்களோடயே நிண்டு உருக்கி, தேச்சி, பூட்டி எல்லாம் செஞ்சார்.

இதில எனக்கு ஆகப் பிடிச்ச விசயம் ஒண்டு இரிக்கு. அவருக்கு முந்தி பெரிய தொலைநோக்கி செஞ்ச வில்லியம் ஹேர்ஷல், கண்ணாடி தேய்க்கிற வித்தைய வெளியில விடல்ல, அவர் தொலைநோக்கி செஞ்சி வித்தவர், அதால அது யாவார ரகசியம். ரோஸ் பிரபு 1828ல இரிந்தே தான் செஞ்சது எல்லாத்தையும், பிழைச்சுப் போனதையும் சேத்து, எழுதிப் பத்திரிகையில போட்டார். சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லாத மனிசன் செய்யக்கூடிய நல்ல காரியம் அதுதான், எண்டாலும் செய்யிறவங்க குறைவு.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர்: காக்கா, ஆறடிக் கண்ணாடிய அந்தக் காலத்தில எந்தக் கம்பனி செஞ்சி குடுத்த? எங்கட அலுமாரிக் கண்ணாடியே கொண்டுவரக்குள்ள உடைஞ்சி போகுது.

தம்பி, தொலைநோக்கிக்குள்ள நட்சத்திர வெளிச்சத்த ஒண்டாக் குவிக்கிற அந்த வட்டம் கண்ணாடியே இல்ல. உலோகம். செம்பு ரெண்டு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு, கிட்டத்தட்ட அப்பிடித்தான் கணக்கு. கோயில் மணி வார்க்கிற வெண்கலத்தில வெள்ளீயம் அஞ்சில ஒரு பங்குதான் வரும். வெள்ளீயத்தக் கூட்டக் கூட்ட உலோகம் வெள்ளையா மினுங்கும், ஆனா கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணமும் கூடவே வரும். சூடா இரிக்கக்குள்ள ஒரு பக்கம் கெதியா ஆறிச்செண்டா டப்பெண்டு வெடிச்சிப் போகும்.

இப்ப யோசிங்க, அப்பிடியான உலோகத்தில 72 இஞ்சி அகலத்துக்கு, 3 டொன்னுக்கு மேல பாரத்தில ஒரு வட்டம் வார்க்கணும். கம்பனி ஒண்டும் இல்ல, வீட்டு வளவுதான். 1842 ஏப்ரல் 13ம் திகதி, நம்மட இப்பத்தக் கணக்கில வருசப்பிறப்புக்கு முதல் நாள், ராவு உலைய மூட்டினாங்க. விறகு இல்ல, நிலக்கரி இல்ல, அயர்லாந்துச் சதுப்பு நிலத்தில செங்கல் மாதிரி வெட்டி எடுத்துக் காயவைக்கிற புல்மண் கட்டிதான் எரிச்சது. மூணு பெரிய வார்ப்பிரும்புக் கொப்பறையில உலோகம் உருகி, அத மூணையும் பாரம்தூக்கியால தூக்கிட்டு வந்து ஒண்டா ஊத்தணும்.

அந்த அச்சிலதான் அவர்ட மூளை இரிக்கு. மண் அச்சில ஊத்தினா அடியில காத்து அடைபட்டு உலோகம் முழுக்க ஓட்டை விழும், வெறும் இரும்பில ஊத்தினா அடி சட்டெண்டு ஆறி வெடிக்கும். இவர் என்ன செஞ்ச தெரியுமா, பீப்பாக்குப் போடுற வளையம் மாதிரியான இரும்புப் பட்டிகள நிமித்தி வச்சி, ஒண்டோட ஒண்டு நெருக்கி அடுக்கி அச்சுக்கு அடித்தளம் கட்டினார். இடுக்கால காத்து போகும், உருகின உலோகம் போகாது. கொழுக்கட்டை அவிக்கிற தட்டுல ஆவி வருது, மா கீழ விழுகுதில்லத்தானே, அந்த மாதிரி எண்டு வச்சிக்கங்க. ஊத்தி இறுகின கையோட, சூடு போறதுக்கு முதல், சூளைக்குள்ள தள்ளி மூடி 16 கிழமை ஆற விட்டாங்க. நாலு மாசம்! நாங்க ஒரு கேக்க ஓவன்ல இரிந்து எடுத்து நாலு நிமிசம் பொறுக்க மாட்டம். அப்பிடி இரிந்தும் முதல் வார்த்ததோட காரியம் முடியல்ல, அஞ்சு தரம் வார்த்து ரெண்டுதான் உருப்படியா வந்த.

ரெண்டு எதுக்கு எண்டு கேப்பீங்க. அயர்லாந்தில எந்த நாளும் ஈரக் காத்து, உலோகம் மங்கிப் போகும். குத்துவிளக்கு மங்கினா புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சாச் சரி, இதுல அப்பிடி ஏலாது. அந்தக் குழிவு இம்மியளவு பிசகினாலும் நட்சத்திரம் புள்ளியா வராம வால் முளைச்சி வரும், அதால ஒவ்வொரு தரம் மினுக்கிறதும் திருப்பி முதல்ல இரிந்து வடிவம் எடுக்கிற வேலைதான். நீராவி எஞ்சின் வச்சித்தான் தேச்சாங்க. ஒண்டு தொலைநோக்கியில இரிக்கக்குள்ள மத்தது பட்டறையில. கண்ணாடியில வெள்ளி பூசுற முறை தொலைநோக்கிக்கு வந்தது 1850கள்ல, இவருக்கு அது பிந்திப் போச்சி.

கடல் காத்தோட இந்த மல்லுக்கட்டு எனக்கும் தெரியும். நான் ஒருக்கா ஆசைப்பட்டு, கடைப் பேர் வேணாம், ஒரு சின்னத் தொலைநோக்கி வாங்கி அலுமாரிக்குள்ள வச்சன், மாரி முடிஞ்சி எடுத்துப் பாத்தா லென்ஸ் முழுக்கப் பூஞ்சணம், கடைக்காரர் "நீங்க கடற்கரையில இரிக்கீங்க சேர், அதுக்கு நாங்க என்ன செய்யிற" எண்டுட்டார்.

ஓட்டமாவடி வாசகர்: அத எப்பிடித் தூக்கி வானத்துக்குத் திருப்பின?

54 அடி நீளக் குழாய், உள்ளுக்கு ஆள் நிமிந்து நடக்கலாம். ஒரு பாதிரியார் குடைய விரிச்சிப் பிடிச்சிட்டே உள்ளால நடந்து வந்தார் எண்டு ஒரு கதை இரிக்கு, அந்த ஊரில இண்டைக்கும் அதச் சொல்லித்தான் அளவக் காட்டுறாங்க. ரெண்டு பக்கமும் கோட்டைச் சுவர் மாதிரி ரெண்டு மதில், நடுவுல குழாய் சங்கிலியில தொங்கும். மேலயும் கீழயும் போகும், பக்கவாட்டில ஒள்ளுப்பம்தான் அசையும். அதால ஒரு நட்சத்திரம் அந்த இடுக்குக்கு நேர வரும்வரைக்கும் காத்திரிக்கணும், வந்தா ஒரு மணித்தியாலம் மாதிரி பாக்கலாம், மறுகா மதில் மறைச்சிடும். பாக்கிறவர் உச்சியில ஒரு தொங்கு மேடையில ராவிருட்டில நிப்பார், கீழ சங்கிலி சுத்த, மேடைய நகத்த, விளக்குப் பாக்க எண்டு நாலு பேர் வேணும். அந்த நாலு பேர்ட பேர் எந்த வானியல் புத்தகத்திலயும் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில வரல்ல.

காரைதீவில இரிந்து ஒரு மாணவி: அங்கிள், அவ்வளவு கஷ்டப்பட்டு அவர் என்னத்தக் கண்டுபிடிச்சவர்? எங்கட ஊரில இரிந்து அதப் பாக்க ஏலுமா?

ஏலும் மகள், கடைசியில சொல்றன். 1845 பெப்ரவரியில முதன்முதலா அந்தத் தொலைநோக்கியால பாத்தாங்க. அந்தக் காலத்தில வானத்தில அங்கங்க பஞ்சு மாதிரி ஒரு மங்கல் தெரியும், நெபுலா எண்டு பேர். அது தூரத்தில இரிக்கிற நட்சத்திரக் கூட்டமா, இல்லாட்டி வெறும் புகையா எண்டு பெரிய சண்டை. ஏப்ரல்ல ரோஸ் பிரபு, மெசியே எண்ட பிரெஞ்சு வானியலாளர் போட்ட பட்டியல்ல 51ம் இலக்க நெபுலாவப் பாத்தா அது பஞ்சே இல்ல, சுழி. குளத்து மதகால தண்ணி இறங்கக்குள்ள சுழிச்சிட்டுப் போகுமே, அச்சா அந்த மாதிரி, சுழிட ஒரு நுனியில இன்னொரு சின்ன உருண்டை தொங்கிட்டு. அதுக்கு முதல் அந்தச் சுழி ஒருத்தர்ட கண்ணுக்கும் பட்டதில்ல. அப்ப நட்சத்திரத்தப் படம்பிடிக்கிற கெமரா இல்ல, கையாலதான் கீறணும். அவர் கீறின படத்த அந்த வருசம் ஜூன் மாசம் கேம்பிரிட்ஜ்ல நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில காட்டினார். இண்டைக்கு நாங்க எடுக்கிற படத்துக்குப் பக்கத்தில வச்சிப் பாத்தாலும் அந்தக் கீறல் வெக்கப்படாது. நண்டு நெபுலாவுக்கு அந்தப் பேர் வந்ததும் அவர் முந்தின சின்னத் தொலைநோக்கியால பாத்துக் கீறின படத்தாலதான்.

ஆனா ஒண்டு. தான் கண்டது என்ன எண்டு அவருக்குத் தெரியாது. அது எங்கட பால்வீதிக்கு வெளியில, 2 கோடி ஒளியாண்டுக்கும் அங்கால இரிக்கிற இன்னொரு பால்வீதி எண்டு உலகம் விளங்கிக்கொள்ள 1920கள் ஆச்சி, ஹபிள் எண்ட அமெரிக்க வானியலாளர் வரணும். அதோட நெபுலா எல்லாமே நட்சத்திரக் கூட்டம்தான், பெரிய தொலைநோக்கி இரிந்தா எல்லாத்தையும் பிரிச்சிக் காட்டலாம் எண்டு அவர் நம்பினதும் பிழை, சிலது உண்மையிலயே வெறும் வாயுதான்.

இப்ப பாக்கிற விசயம். கலியாணத்தில அம்மி மிதிச்சி அருந்ததி பாக்கச் சொல்லுவாங்களே, அந்தச் சப்தரிஷி மண்டலத்தில வால் நுனியில இரிக்கிற நட்சத்திரம் மரீசி. மே மாசம் ராவு 9 மணி போல வடக்கப் பாத்து நிண்டா நல்ல உயரத்தில, வானத்தில அரைவாசிக்கு ஒள்ளுப்பம் மேல தெரியும். மரீசியில இரிந்து இடப்பக்கம் மேல, கைய நீட்டிப் பிடிச்சி ரெண்டு விரல் அகலம் போனா அந்த இடம். பைனாகுலர்ல ஒரு மங்கல் புள்ளிதான், சின்னத் தொலைநோக்கியில ரெண்டு மங்கல். சுழி தெரிய எட்டு இஞ்சியாவது வேணும், தெரு லைட் இல்லாத இடமும் வேணும். மெயின் ரோட்டுப் பக்கம் நிண்டு பாத்துட்டு என்னைப் பேசாதீங்க.

களுவாஞ்சிகுடியில இரிந்து ஒரு பெரியவர்: நீங்க என்னதான் புகழ்ந்தாலும் ஊர் பட்டினியில சாகக்குள்ள கோட்டைக்குள்ள இரிந்து வானம் பாத்த ஆள்தானே அவர்? அயர்லாந்துப் பஞ்சம் எனக்கும் தெரியும்.

ஐயா, இந்தக் கேள்வி வராட்டி நானே எழுதிப் போட்டிரிப்பன். தொலைநோக்கி திறந்தது 1845 பெப்ரவரி. அதே வருசம் இலையுதிர் காலத்தில உருளைக்கிழங்குப் பயிர் கறுத்து அழுகத் தொடங்கிச்சி. அந்தச் சனத்துக்குக் கிழங்குதான் சோறு. 80 லட்சத்துக்கு மேல சனம் இரிந்த நாட்டில 10 லட்சம் போல செத்து, இன்னும் 10 லட்சத்துக்கு மேல கப்பல் ஏறிப் போனாங்க. 2011 வெள்ளத்தில குடலைப் பயிர் தண்ணிக்குக் கீழ போனதப் பாத்த எங்களுக்கு ஒரு போகம் போனா என்ன எண்டு தெரியும், அவங்களுக்கு வருசக் கணக்கா அதுதான்.

அந்த வருசங்கள்ல உலகத்திலயே பெரிய தொலைநோக்கி கிட்டத்தட்டச் சும்மாதான் கிடந்தது. 1848 போலதான் திருப்பி ஒழுங்கா வேலை தொடங்கின. குடும்பக் காசில ஊர்ச்சனத்துக்குக் கூலி வேலை குடுத்தாங்க, கோட்டையச் சுத்தி இண்டைக்கும் இரிக்கிற அகழி அப்ப வெட்டினது. யோசிச்சிப் பாத்தா அகழி அந்த நேரத்தில அவசியமான சாமான் இல்ல, ஆனா சும்மா குடுக்காம வேலைக்குக் குடுத்த கூலி. லண்டன்ல நிவாரணத்த இறுக்கிப் பிடிச்சிட்டு இரிந்த திறைசேரி அதிகாரி சார்ல்ஸ் ட்ரெவெலியன், பிறகு 1859ல சென்னைக்கு கவர்னரா வந்தவர். அவரோட வச்சிப் பாத்தா பிரபு எவ்வளவோ நல்லம்.

அதுக்காக நான் அவருக்குத் தர்மதுரை பட்டம் கட்டப் போகல்ல. காணிய யாருக்குக் குடுக்கணும், எப்ப எழுப்பணும் எண்டது காணிக்காரன்ட உரிமை எண்டுதான் அவர் கடைசி வரைக்கும் நிண்டார், 1867ல சாகிற வருசமும் அதத்தான் எழுதினார். உலைய எரிச்ச புல்மண்ண வெட்டினது குத்தகைக்காரன்ட மண்வெட்டி, குழாயைத் தூக்கின சங்கிலிய இழுத்தது கூலிக்காரன்ட தோள். சுழிய முதல்ல பாத்த கண் பிரபுட கண், சரி. அதுக்குச் செலவழிஞ்ச காசு யார்ட எண்டு கேட்டா அந்தக் கணக்கு நீளம், அதுல இன்னொரு ஆளும் இரிக்கா, அடுத்த கேள்வி அவவப் பத்தித்தான்.

திருக்கோவிலில் இருந்து ஒரு வாசகி: அவர்ட மனிசி என்ன செஞ்சா? இந்தக் கதைகள்ல மனிசிமார எங்க வச்சிரிக்கீங்க?

தங்கச்சி, காசுப் பெட்டியில வச்சிரிக்காங்க. மேரி ஃபீல்ட், இங்கிலாந்தில பிராட்போர்ட் பக்கத்துப் பணக்காரக் குடும்பத்துப் புள்ளை, 1836ல கலியாணம். அவ கொண்டு வந்த சொத்து இல்லாட்டி அந்த ஆறடிக் கண்ணாடி கடதாசியிலதான் இரிந்திரிக்கும். இங்க சீதனமா வந்த காணிய வித்து கார் வாங்கின மாப்பிளைமார எனக்குத் தெரியும், தொலைநோக்கி செஞ்சவர் இவர் ஒருத்தர்தான். அதோட விடல்ல, அவவே கெமரா வாங்கி கோட்டைக்குள்ள இருட்டறை வச்சி, தொலைநோக்கிய, புள்ளைகள, வேலைக்காரங்கள எல்லாம் படம் பிடிச்சா. அயர்லாந்துப் புகைப்படச் சங்கம் குடுத்த முதல் வெள்ளிப் பதக்கம் 1859ல அவவுக்குத்தான். அந்தத் தொலைநோக்கி அந்தக் காலத்தில எப்பிடி இரிந்தது எண்டு நாங்க இண்டைக்குப் பாக்கிறது கனக்க அவட படத்தாலதான்.

வாழைச்சேனை வாசகர்: அவருக்குப் பிறகு?

புள்ளைகள் கனபேர் பிறந்து சின்னதிலயே தவறி, வளந்து வந்தது நாலு ஆம்புளப் புள்ளைகள். மூத்தவர் லோரன்ஸ் சந்திரன்ல இரிந்து வாற சூட்ட அளந்தவர். கடைசி மகன் சார்ல்ஸ் பார்சன்ஸ்தான் பெரிய ஆள், 1884ல நீராவி டர்பைன் கண்டுபிடிச்சவர். நுரைச்சோலையில நிலக்கரிய எரிச்சி நீராவியால டர்பைன் சுத்தித்தான் கரண்ட் வருது, அதால இத நீங்க ராவு லைட் போட்டு வாசிக்கிறீங்க எண்டா அந்த வளவுல உலைப் புகைக்குள்ள விளையாடித் திரிஞ்ச ஒரு பெடியன்ட கைவேலையும் அதுல இரிக்கு.

துக்கமும் ஒண்டு இரிக்கு. பிரபு செத்து ரெண்டு வருசத்தில, 1869 ஓகஸ்ட் 31, பெடியன்மார் செஞ்ச நீராவி வண்டியில ஏறிப் போன சொந்தக்காரப் பொம்புளை மேரி வார்ட், ஒரு வளைவுல தூக்கி எறியப்பட்டு சில்லுக்குள்ள போயிட்டா. நுணுக்குக்காட்டியில பாத்துப் பாத்து அருமையாப் படம் கீறிப் புத்தகம் போட்ட மனிசி. உலகத்தில மோட்டார் வண்டியில செத்த முதல் ஆள் எண்டு பதிவுல இரிக்கிற பேர் அவடதான்.

தொலைநோக்கிய 1908ல கழட்டினாங்க. கண்ணாடி லண்டன்ல சயன்ஸ் மியூசியத்தில இரிக்கு. 1917ல அமெரிக்காவில 100 இஞ்சித் தொலைநோக்கி வரும் வரைக்கும் அதவிடப் பெரிசு உலகத்தில இல்ல. 1990கள்ல பிர் ஊரில திருப்பிக் கட்டிட்டாங்க, டிக்கட் எடுத்துப் பாக்கலாம்.

கல்முனை வாசகர்: அவர்ட பேர்ல நட்சத்திரம் இரிக்கா?

நட்சத்திரம் இல்ல, சந்திரன்ல ஒரு குழி இரிக்கு. ரோஸ் எண்டுதான் பேர்.

புளியந்தீவு வாசகர்: அயர்லாந்துக்கும் மட்டக்களப்புக்கும் என்ன சம்பந்தம், இவ்வளவு எழுதுறீங்க?

சம்பந்தம் இரிக்கு அண்ணன். அந்தக் காலத்தில இலங்கையில காலனிச் செயலாளரா இரிந்த எமர்சன் டெனன்ட் பெல்பாஸ்ட்காரர், அயர்லாந்து ஆள். 1848 செப்டம்பர்ல அவர் இஞ்ச வந்து, நிலவு எழும்பினாப் பிறகு தோணியில ஏறி எங்கட வாவிக்குள்ள போய், தண்ணிக்கு அடியில இரிந்து வாற சத்தத்தக் கேட்டு எழுதி வச்சிரிக்கார், வைன் கிளாஸ்ட விளிம்ப ஈர விரலால தடவினா வாற மாதிரி இரிந்ததாம். அங்க பிர் ஊரில தொலைநோக்கிய மறுபடியும் தூக்கத் தொடங்கின காலம் அது. ஒரு அயர்லாந்துக்காரர் கண்ண வானத்தில வச்சிரிக்க, இன்னொருத்தர் காத எங்கட தண்ணியில வச்சிரிந்திரிக்கார். ரெண்டையும் ஒரே ராவுல பாக்கலாம் எண்டு மட்டும் பாலத்தடிக்கு வந்துடாதீங்க, பாடுமீன் எண்டு நாங்க சொல்ற அந்தத் தண்ணிச் சத்தத்துக்குப் பறுவம், முழு நிலவு, வேணும், அந்தச் சுழிக்கு அமாவாசை.